பியோ கில்மான் கட்டிக்கொடுத்த சாப்பாடு

பியோ கில்மான் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது "சாப்டாச்சா?" என்பதுதான். சொங்ஜு நகரத்தில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கேட்பார்கள். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். கில்மான் காத்திருப்பார். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் இரண்டாவது கேள்வியும் வரும்: "வெளிக்குப் போச்சா?"

பத்தொன்பது வருடம் பன்றிகளோடு பழகியதில் வந்த வழக்கம் அது. ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரையே ஒருமுறை லிஃப்டில் கேட்டுவிட்டார். தலைவர் யோசித்துப் பார்த்து, "ரெண்டு நாளா இல்ல" என்றார். மறுநாள் அவர் மேஜையில் ஒரு கூடை வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருந்தது. அதற்கு மறுநாள் லிஃப்டில் தலைவரே முந்திக்கொண்டு தலையசைத்தார்.

நிலையத்தில் கில்மானுக்கு மூத்த பராமரிப்பாளர் என்று பெயர். வேலை, முப்பது கிலோ எடையுள்ள குட்டை இனப் பன்றிகளுக்குத் தீனி போடுவது, கழுவுவது, எடை பார்ப்பது, கடைசியில் அறுத்துப் பார்க்கும் மேஜைக்குத் தூக்கிக்கொண்டு போவது. அந்தக் கடைசி வேலைக்குப் பிறகு அவர் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை. அலுவலக விருந்துகளில் எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பன்றி வயிற்றுக்கறி வாட்டும்போது இவர் கீரையில் வெறும் சோற்றைச் சுருட்டித் தின்றுகொண்டிருப்பார். புதிய செல் வளர்ப்பு அறையைத் திறந்த அன்று, காரியம் விளங்கட்டும் என்று அலுவலகத்தார் ஊர் வழக்கப்படி சிரித்த முகத்தோடு ஒரு பன்றித் தலையை வாங்கிவந்து படையல் வைத்தார்கள். கில்மான் அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். "எதுக்குண்ணே?" என்று கேட்டதற்கு, "ஜன்னல் வழியா கூண்டுக்குள்ள இருந்து பசங்க பாக்குறாங்க" என்றார்.

கனவில் பன்றி வந்தால் அதிர்ஷ்டம், லாட்டரி வாங்கலாம் என்பது அந்த நாட்டு நம்பிக்கை. கனவை விலைக்கு வாங்கினால் அதிர்ஷ்டமும் கைமாறும். கில்மானுக்குத் தினமும் பன்றிக் கனவுதான். கூண்டு கழுவும் தாக் ஒக்புன் ஒரு டின் காபி கொடுத்து ஒரு கனவை வாங்கினாள். ஒன்றும் விழவில்லை.

"என்னண்ணே கனவு வித்தீங்க? ஒத்த நம்பர்கூட ஒட்டலயே!"

"கனவுல அதுக்கு வயித்தால போச்சு, ஒக்புன். நான் சொல்றதுக்குள்ள நீ காபிய நீட்டிட்ட."

அவர் பார்த்துக்கொண்ட பன்றிகள் எல்லாம் டாக்டர் மேங் சொன்ஹாவின் சோதனைக்கானவை. கல்லீரல் செயலிழந்தவர்களுக்கு எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைச் செலுத்தினால் கல்லீரல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கும் என்பது பழைய யோசனை. ஆனால், செலுத்திய செல்களில் பெரும்பாலானவை சில நாட்களிலேயே செத்துப்போகின்றன. மேங் அந்தச் செல்களுக்குள் கூடுதலாக ஒரு மரபணுவைப் புகுத்தினார். அது அவற்றைச் சாகாமல் காக்கும். கல்லீரலின் அழற்சியையும் அடக்கும்.

ஒக்புனுக்குக் கில்மான் இதை விளக்கிய விதம் வேறு. "வீடு தீப்பிடிச்சு எரியுது. அணைக்க ஆள் அனுப்புறோம். சும்மா அனுப்புனா அவனும் சேந்து வேகுறான். டாக்டரம்மா அவனுக்கு நனஞ்ச சாக்கு ஒண்ணப் போத்தி, கையில ஒரு வாளித் தண்ணியும் குடுத்து அனுப்புறாங்க. அவ்வளவுதான்."

இந்த விளக்கத்தைக் கேள்விப்பட்ட மேங், தன் மாணவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்.

முதல் சோதனையில் பன்றிகள் மூன்று பிரிவு. எல்லாவற்றுக்கும் கல்லீரலைக் கெடுக்கும் மருந்து ஏற்றியாயிற்று. பிறகு ஒரு பிரிவுக்கு வெறும் உப்புநீர், ஒன்றுக்குச் சாதாரணச் செல், ஒன்றுக்கு மரபணு மாற்றிய செல். எந்தப் பிரிவுக்கு எது என்று பராமரிப்பவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் காதில் மஞ்சள், நீலம், வெள்ளை என்று வில்லை மட்டும்தான்.

கில்மானுக்கு ஒன்றரை நாளில் தெரிந்துவிட்டது. தொட்டியில் மிஞ்சிய தீனியையும் விட்டையையும் பார்த்தால் போதும். மஞ்சள் வில்லைக்காரர்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

அவருக்கு அது நியாயமாகப் படவில்லை. மருந்து இல்லையென்றால் போகிறது, வாய்க்கு ருசியாவது வேண்டாமா? வீட்டிலிருந்து தேன் கொண்டுவந்து வெந்நீரில் கரைத்து மஞ்சள்காரர்களுக்கு மட்டும் ஊட்டினார். மசித்த கிழங்கும் கொடுத்தார். கல்லீரல் நின்றுபோனால் ரத்தத்தில் சர்க்கரை சரிந்துதான் பாதி உயிர்கள் போகும் என்பது அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் சாக வேண்டிய மஞ்சள் பன்றிகள் ஏழாம் நாளும் எழுந்து நின்று தேன் எங்கே என்று தேடின.

மேங்கின் குழு கணக்குப் போட்டுப் பார்த்தது. செல் கிடைத்தவற்றுக்கும் கிடைக்காதவற்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆறு பேர் நான்கு மாதம் தேடினார்கள். மருந்து பழசா, தராசு சரியா, உப்புநீரில் ஏதாவது கலந்ததா? ஒருநாள் மேங் கூண்டு வரிசையில் நின்று, "இந்த மஞ்சளுங்க ஏன் சாகல?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"பசி தீந்துருக்கும், டாக்டரம்மா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மேங் திரும்பினார். கில்மானின் கையில் தேன் ஜாடி இருந்தது.

வேலை போகவில்லை. நிலையத்தில் தன் பிழையைத் தானே சொன்ன முதல் ஆள் அவர்தான் என்று மேங் தலைவரிடம் வாதாடினாராம். ஆனால் சோதனை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. பதினான்கு மாதம். இந்த முறை கில்மான் ஒவ்வொரு கரண்டித் தீனியையும் நோட்டில் எழுதினார். முடிவு பளிச்சென்று வந்தது. உப்புநீர்க்காரர்கள் எல்லாரும் போனார்கள். மாற்றிய செல் கிடைத்தவர்களில் முக்கால்வாசி பிழைத்தார்கள். அவர்களில் ஒருவனை மட்டும், நாள்பட்ட விளைவு ஏதும் வருகிறதா என்று பார்க்க உயிரோடு வைத்துக்கொண்டார்கள். பிழைத்த முதல் மாதம் அவனை உதவியாளர் என்று அழைத்தார்கள். மூன்றாம் மாதம் மேற்பார்வையாளர். ஆறாம் மாதம் மேலாளர். பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு பதவி உயர்வு பார்த்த கில்மான், கூண்டைத் திறக்கும்போது, "மேனேஜர், உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நுழைவார்.

அந்த ஆறாம் மாதம்தான் கில்மானின் வயிறு வீங்கத் தொடங்கியது.

பிறந்தபோதே தாயிடமிருந்து வந்த மஞ்சள்காமாலைக் கிருமி. அறுபத்திரண்டு வருடம் சத்தமில்லாமல் கல்லீரலைத் தின்றிருக்கிறது. மருத்துவமனையில் சொன்னது சுருக்கமாக இருந்தது: ஆறு மாதத்துக்குள் வேறு கல்லீரல் வைக்க வேண்டும். செத்தவர்களுடையதற்கு வரிசை நீளம். உயிரோடிருப்பவர் யாராவது தன்னுடையதில் பாதிக்கு மேல் வெட்டிக் கொடுக்கலாம். இருவருக்கும் அது வளர்ந்துகொள்ளும்.

"நான் இருக்கேன்" என்றாள் மகள்.

பியோ யூரிம், முப்பத்தாறு வயது. பக்கத்து ஓச்சாங்கில் பேட்டரித் தொழிற்சாலையில் பூச்சின் தடிமனை அளக்கும் பொறியாளர். தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு பிசகினாலும் இயந்திரத்தை நிறுத்திவிடுவாள். பேச்சும் அந்த அளவில்தான். அம்மா போன பிறகு அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தாள். ரத்தப் பிரிவு பொருந்தியது. ஆனால் அவளுடைய கல்லீரலில் கொழுப்பு அதிகம். பத்து வாரத்தில் எட்டு கிலோ குறைத்துவிட்டு வா, மறுபடி ஸ்கேன் பார்க்கலாம் என்றார்கள்.

அன்று பேருந்தில் திரும்பும்போது கில்மான் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு வந்தார். மகளின் வயிற்றில் கத்தி வைக்க அவர் சம்மதிக்கப் போவதில்லை. அவள் பிடிவாதக்காரி, சொன்னால் கேட்க மாட்டாள். ஆனால் வழி இருந்தது. கொழுப்பு குறையாவிட்டால் மருத்துவமனையே வேண்டாம் என்றுவிடும். ஓர் உயிரின் எடையைக் கூட்டுவது எப்படி என்று அந்த மாகாணத்திலேயே அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

மறுநாள் காலை யூரிம் வேலைக்குக் கிளம்பும்போது மேஜையில் மூன்றடுக்கு டப்பா ஒன்று இருந்தது.

"என்னப்பா இது?"

"லீவுல சும்மாதான இருக்கேன். உனக்கு டயட் சாப்பாடு கட்டுனேன். எண்ணெயே இல்ல."

எண்ணெய் இல்லைதான். கல்லீரலில் கொழுப்பு சேர எண்ணெய் தேவையில்லை, மாவும் சர்க்கரையும் போதும் என்று மேங் ஒரு கூட்டத்தில் சொன்னதை அவர் மறக்கவில்லை. முதல் அடுக்கில் தேனில் புரட்டிய பசையரிசிக் கொழுக்கட்டை. இரண்டாவதில் சர்க்கரைவள்ளிச் சேமியா. மூன்றாவதில் பாகு பூசிய கிழங்கு. எல்லாவற்றின் மேலும் வறுத்த தெல்கே விதை. எள்ளுக்குப் பெரியப்பா மகன் போலிருக்கும் உருண்டை விதை அது. அவர் கையாலேயே வறுத்தது. கொஞ்சம் கருக வறுப்பார், வாசனைக்காக.

யூரிம் திறந்து பார்த்தாள். மூடினாள். எடுத்துக்கொண்டு போனாள்.

அதோடு நில்லாமல் அவர் வீட்டு எடைத் தராசிலும் கைவைத்தார். முள் வைத்த பழைய தராசு. பன்றித் தராசை வாராவாரம் சரிபார்த்த கைக்குப் பின்பக்கத் திருகு ஒரு பொருட்டா? எடை குறைந்துவிட்டது என்று நினைத்தால் பிள்ளை தினமும் ஓடும் ஓட்டத்தை விட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடும் என்பது கணக்கு. யூரிம் காலையில் ஏறினாள், முள்ளைப் பார்த்தாள், இறங்கினாள். சமையலறையிலிருந்து பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிவந்து தராசில் வைத்தாள். முள் எட்டு கிலோ இருநூறில் நின்றது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அவள் ஒட்டியிருந்த எடை வரைபடத்தில் அன்று ஒரு குறிப்பு சேர்ந்தது. 'அளவுக் கருவிப் பிழை: 1.8 கிலோ. காரணம்: அப்பா.'

இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. டப்பா மட்டும் தினமும் போனது. சாயங்காலம் கழுவித் துடைத்துக் காலியாகத் திரும்பி வந்தது. கில்மான் ஒவ்வொரு அடுக்கையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டார். பனிக்காலம். வீட்டு வாசலுக்கு வரும்போதும் போகும்போதும் அவள் கணுக்கால்வரை நீண்ட பஞ்சு கோட்டுக்குள் இருந்தாள். வீட்டுக்குள்ளும் போர்வையைப் போர்த்திக்கொண்டாள். வீட்டைச் சூடாக்கும் எரிவாயுச் செலவைக் குறைக்கிறாளாம். கன்னம் மட்டும் கொஞ்சம் ஒட்டினாற்போல் இருந்தது.

"சாப்டியா?"

"மூணு அடுக்கும்."

"வெளிக்குப்..."

"அப்பா."

பத்தாவது வாரம் மேங்கிடமிருந்து தொலைபேசி வந்தது. "பியோ ஐயா, லீவுல தொந்தரவு பண்றேன். கொஞ்சம் வர முடியுமா? மேனேஜருக்கு என்னவோ ஆயிடுச்சு."

கில்மான் தடியை ஊன்றிக்கொண்டு போனார். கூண்டுக்கு வெளியே மேங் நின்றுகொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உள்ளே மேலாளர் படுத்திருந்தார். எழுந்திருக்க விருப்பமில்லாத படுக்கை. கழுத்து காணாமல் போயிருந்தது.

"முப்பத்தொண்ணு இருந்தது, இப்ப நாப்பத்தி நாலு. நோட்டுல தீனி அதே அளவுதான். நாங்க புகுத்துன மரபணு கொழுப்பயும் வளக்குதோன்னு பயமா இருக்கு. மனுஷங்களுக்குக் குடுக்க அனுமதி கேட்டு அமைச்சகத்துல மனு கெடக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள இத நான் எழுதிக் குடுத்தாகணும். எழுதுனா மனு நின்னுடும்."

"எவ்ளோ நாளைக்கு?"

"வருஷக் கணக்குல."

கில்மான் கதவைத் திறந்தார். "மேனேஜர், உள்ள வரலாமா?" மேலாளர் ஒரு கண்ணைத் திறந்து மூடினார்.

வயிற்றை அமுக்கிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் தொட்டார். பிறகு மூலைக்குப் போய்க் குந்தி, தடியின் நுனியால் விட்டையை உடைத்தார். பிரித்துப் பார்த்தார். இன்னொன்றை உடைத்தார். அப்படியே இருந்துவிட்டார்.

விட்டைக்குள் உருண்டை உருண்டையாக விதைகள், செரிக்காமல், முழுசாக. தெல்கே. லேசாகக் கருக வறுத்தது.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. பாகு பூச எவ்வளவு நேரம் ஆகிறது! அப்புறம்தான் மற்றது உறைத்தது. பத்து வாரமாக அவள் ஒரு வாய் தின்னவில்லை. பத்து வாரம். எட்டு கிலோ போயிருக்கும். ஸ்கேனில் தேறிவிடுவாள்.

அவர் இதைச் சொல்லாமல் இருந்துவிடலாம். அந்த விதையை அடையாளம் காண இந்த நிலையத்தில் வேறு ஆளில்லை. சொன்னால், தனக்குத் தெரிந்துவிட்டது மகளுக்கும் தெரிந்துவிடும்; எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்; பேசினால் அவள் ஜெயிப்பாள். சொல்லாவிட்டால் மேங்கின் கடிதம் வெள்ளிக்கிழமை போகும். எங்கேயோ வயிறு வீங்கிப் படுத்திருக்கிற நாலு பேருக்குக் கிடைக்க வேண்டியது இன்னும் தள்ளிப்போகும். ஏற்கெனவே ஒருமுறை அவர் அதைத் தேனால் தள்ளிப்போட்டிருக்கிறார்.

"டாக்டரம்மா, கடுதாசி எழுதாதீங்க."

"ஏன்?"

"இது மரபணு இல்ல. கொழுக்கட்டை."

மேங் கண்ணாடியைக் கழற்றினார். "மறுபடியுமா, பியோ ஐயா?"

"இந்தத் தடவ நான் இல்ல. சமையல் என்னோடதுதான். ஊட்டுனது வேற ஆள்."

கூண்டு வரிசையின் கோடியில் சிவப்பு ரப்பர்க் குழாயோடு நின்ற ஒக்புன் தண்ணீரை நிறுத்தினாள். முகம் குழாய் நிறத்துக்கு வந்திருந்தது. "நான் என்னண்ணே பண்ணுவேன்? உங்க பொண்ணு தெனம் காலைல பின்வாசல்ல வண்டிய நிறுத்தி, 'அக்கா, நீங்க சாப்பிடுங்க, டப்பாவ மட்டும் கழுவிக் குடுங்க'ன்னு நீட்டுது. எனக்குச் சக்கரை முன்னூறு! கொட்டுனா பாவம். மேனேஜர் பாவம் சும்மாதான படுத்திருக்காருன்னு..."

"அவரு சோதனையில இருக்காரு!" என்றார் மேங்.

"சோதனை முடிஞ்சு போச்சு, இப்ப பாத்துக்கிட்டு மட்டும்தான் இருக்கோம்னு நீங்கதான சொன்னீங்க? பாக்குறப்ப திங்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலயே!"

மேங் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டு சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூணு அடுக்குலயும் என்னென்ன, எத்தன கிராம்? பத்து வாரத்துக்கும் எழுதிக் குடுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் யூரிம் வீட்டுக்குள் நுழைந்தபோது கில்மான் மேஜையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் காலி டப்பா.

"கோட்டக் கழட்டு."

கழற்றினாள். அவர் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"அம்பத்தாறு."

"அம்பத்தஞ்சு எண்ணூறு."

"மேனேஜருக்கு என் சாப்பாட்டப் போட்டுட்ட."

"ஒக்புன் அக்காவுக்குக் குடுத்தேன். பன்னிக்குப் போகும்னு நெனைக்கல. அது என் தப்பு. அக்கா போன்ல சொன்னதும் டாக்டர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்." அவள் உட்கார்ந்தாள். "இப்ப உங்க தப்பப் பேசலாமா?"

"என்ன பேசுறது? நான் எத்தன வயித்தத் தொறந்து பாத்திருக்கேன் தெரியுமா? இருநூத்திப் பதினாறு. ஒவ்வொண்ணும் நான் தூக்கிட்டுப் போயி மேஜைல வச்சது. ஒண்ணாவது திரும்பி எந்திரிச்சு வந்துதா?"

"அப்பா, அதெல்லாம் செத்த பிறகு தொறந்தது."

கில்மான் யோசித்தார். அது உண்மைதான்.

"இருந்தாலும்... அப்பங்கிட்டருந்துதான் பிள்ளைக்குப் போகணும். மேல இருந்து கீழ. தண்ணி மேல ஏறாது."

"மோட்டார் போட்டா ஏறும்."

"எனக்குச் செல்லு வரும். டாக்டரம்மா குடுப்பாங்க. நான் காத்திருக்கேன்."

யூரிம் டப்பாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள். இரண்டு வருடமாக அவள் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருந்தது. "பதினாலு மாசம் பிந்திப் போச்சுல்லப்பா. உங்க தேன் இல்லன்னா இந்நேரம் வந்திருக்கும்."

சமையலறைக் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. சொன்னதும் அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து போய்க் குழாயை இறுக்கினாள்.

"ஆமா" என்றார் கில்மான். "வந்திருக்கும்." கொஞ்சம் கழித்து, "மஞ்சளுங்களுக்கும் ஏதாவது குடுக்கணும்ல" என்றார்.

"தெரியும்ப்பா."

"ஸ்கேன் என்னிக்கு?"

"வியாழன்."

"சாப்டியா?"

"இல்ல."

கில்மான் எழுந்து டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தார். "சரி. வியாழக்கெழம சாயங்காலம் சாப்பிடு."

அதுதான் சம்மதம். அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை. தராசின் திருகை அவரே சரிசெய்துவைத்தார்.

அறுவைச் சிகிச்சை நாளன்று காலை, இரண்டு தள்ளுபடுக்கைகளும் நடைக்கூடத்தில் அருகருகே நின்றன.

"நேத்துக் கனவுல பன்னி வரல" என்றார் கில்மான்.

"பின்ன?"

"நீ வந்த. தட்டுல மிச்சம் வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்ட."

அவளுடைய கல்லீரலில் அறுபத்திரண்டு சதவீதம் அவருக்குள் போனது. பதினோரு மணி நேரம். மூன்றாம் நாள் நர்ஸிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "அவ சாப்டாளா?" இரண்டாவது: "வெளிக்குப் போச்சா?" வயிற்றில் அறுவை நடந்தவர்களிடம் டாக்டர்களே முதலில் கேட்கும் கேள்வி அது என்பதால் வாழ்க்கையில் முதல்முறையாக அவரை யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை. நர்ஸ் சொன்னாள்: "அடுத்த வார்டுல உங்க பொண்ணும் உங்களப் பத்தி இதே ரெண்டத்தான் கேக்குறாங்க. என்ன குடும்பம் சார் நீங்க?"

மேங் அமைச்சகத்துக்கு வேறு கடிதம் எழுதினார். மேலாளரின் எடைக்குக் காரணம் கொழுக்கட்டை என்று, கிராம் கணக்கோடு. அங்கிருந்து ஒரு அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டு, இது வேடிக்கைக்கு எழுதியதா என்று கேட்டாராம். மனு தேறியது. அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம், கல்லீரல் நின்றுபோன முதல் நோயாளிக்கு அந்தச் செல்களைச் செலுத்தினார்கள். முடிவுகள் இன்னும் எழுதப்படுகின்றன. சிலருக்குக் கேட்டிருக்கிறது, சிலருக்குக் கேட்கவில்லை. மேலாளரைக் கண்காணிக்கும் காலத்தை மேங் ஒவ்வொரு வருடமும் காகிதத்தில் ஒரு வருடம் நீட்டிக்கொண்டிருக்கிறார். மேலாளர் இன்னும் பணியில்தான் இருக்கிறார். எடை முப்பத்திரண்டு.

கில்மான் ஐந்து வருடம் இருந்தார். மருந்துகளை வேளை தவறாமல் சாப்பிட்டார். வாரம் ஒருமுறை நிலையத்துக்குப் போய் மேலாளரை நலம் விசாரித்தார். தன் வலது விலாவைத் தட்டி, "இது யூரிமோடது, பத்திரம்" என்று பேருந்தில் முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வார். அவர்களிடம் சாப்டாச்சா என்றும் கேட்பார்.

இந்த மார்ச்சில், முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தபோது தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்தார். வெளியே வந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல், "மத்ததெல்லாம் நல்லாதான் இருக்கு. ஈரல் ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

"அது என்னோடது" என்றாள் யூரிம்.

இலையுதிர்காலப் பண்டிகைக்கு அவளும் ஒக்புனும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். பகல் பன்னிரண்டு மணி. நல்ல வெயில். யூரிம் மூன்றடுக்கு டப்பாவைப் பிரித்து வைத்தாள். கொழுக்கட்டை, சேமியா, பாகு பூசிய கிழங்கு. முதல்முறை செய்ததால் பாகு கெட்டியாகிவிட்டிருந்தது. தெல்கேயை அவளே வறுத்திருந்தாள். கொஞ்சம் அல்ல, நன்றாகவே கருகியிருந்தது.

இரண்டுமுறை விழுந்து வணங்கினார்கள். படைத்ததை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதுதான் முறை. ஒக்புன் கிழங்கின் பக்கம் கையை நீட்டினாள்.

யூரிம் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "அக்கா, உங்களுக்குச் சக்கரை."

"ஒரே ஒரு துண்டு, யூரிமா. அண்ணன் இருந்தா குடுத்திருப்பாரு."

"அவரு எல்லாருக்கும் குடுப்பாரு."

அவள் முதல் அடுக்கைத் தின்றாள். இரண்டாவதைத் தின்றாள். மூன்றாவதில் கிழங்கு பல்லில் ஒட்டியது. மென்றுகொண்டே இருந்தாள். ஒக்புன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசித் துண்டுவரை யாருக்கும் எதற்கும் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.